ஸ்டிக்கரில் 31,000, தாளில் 35,000: டல்லாஸில் முதல் கார் வாங்கப்போகும் தம்பிக்கு

கொருக்குப்பேட்டையிலிருந்து வேலைக்காக டல்லாஸ் வந்திருக்கும் தம்பி கேட்டிருப்பது இதுதான். புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை 31,000 டாலர், டீலர் எழுதிக்கொடுத்த தாளில் 35,000க்கு மேல் வருகிறது, இதில் எதைப் பேசிக் குறைக்கலாம், பேரம் பேசினால் கேவலமாக நினைப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நினைக்க மாட்டார்கள். நானும் பக்கத்துத் தண்டையார்பேட்டைதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போது கடைக்காரர் விலை சொன்னதும் கடையை விட்டு நாலு எட்டு நடந்தால் பின்னாடியே குரல் வருமே, இங்கேயும் வரும், மறுநாள் குறுஞ்செய்தியாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். கண்ணாடியில் இருப்பது கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர். புதுக் கார் ஒவ்வொன்றிலும் இது இருந்தே ஆக வேண்டும் என்று 1958இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், அதைக் கொண்டுவந்த செனட்டர் பெயரில் மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் செலவும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும், ஆகவே டெலிவரி சார்ஜ் என்று டீலர் தனியாக எதையாவது சேர்த்திருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். அந்த ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே மாதிரி அச்சடித்த இன்னொரு தாள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது டீலர் ஒட்டியது. நீங்கள் அனுப்பிய படத்தில் டயரில் நைட்ரஜன் 199, கதவு ஓரப் பட்டை 249, கண்ணாடியில் வண்டி எண் பொறித்தது 299, பெயிண்ட் பாதுகாப்பு 999. கூட்டினால் 1,746 டாலர். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் தம்பி, அதற்கு 199 டாலரா? இந்த மாதிரி பயனில்லாத சேர்மானங்களுக்குக் காசு வாங்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசின் வர்த்தக ஆணையம் 2023 கடைசியில் ஒரு விதி கொண்டுவந்தது, டீலர்கள் கோர்ட்டுக்குப் போக, 2025 ஜனவரியில் அது ரத்தாகிவிட்டது. ஆக நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“ஏற்கெனவே வண்டியில் போட்டாச்சு, கழற்ற முடியாது” என்பார்கள். கழற்ற வேண்டாம், அந்தத் தொகையைக் கார் விலையில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள்.

டாக்குமென்ட் ஃபீ, அதாவது காகித வேலைக்காக டீலர் வாங்கும் கட்டணம், வேறு விஷயம். டெக்சஸில் 225 டாலர் வரை நியாயமான தொகை என்று அரசே ஏற்றுக்கொள்கிறது, கலிஃபோர்னியாவில் 85க்கு மேல் வாங்க முடியாது, ஃபுளோரிடாவில் உச்சவரம்பே கிடையாது. எல்லோரிடமும் ஒரே தொகை வாங்குகிறோம் என்று சொல்லி அதை நீக்க மறுப்பார்கள், அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். விற்பனை வரி 6.25 சதவீதம், டைட்டில் எனும் உரிமைப் பத்திரக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் அரசுக்குப் போகிறவை, அதில் பேச ஒன்றுமில்லை.

நம்ம ஊரில் எக்ஸ் ஷோரூம் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் கார் எடுக்க மாட்டார்கள், ஆன் ரோடு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள் அல்லவா, இங்கே அதற்கு அவுட் தி டோர் விலை என்று பெயர். அந்த ஒரே எண்ணைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதுவும் ஷோரூமில் உட்கார்ந்து வேண்டாம். எந்த மாடல், அதில் எந்த ட்ரிம் (வசதிகளைப் பொறுத்த ரகம்), என்ன நிறம் என்று முடிவு செய்துவிட்டு, சுற்றுவட்டாரத்தில் அதே பிராண்ட் விற்கும் நாலைந்து டீலர்களுக்கு மின்னஞ்சல் போடுங்கள்: வரி, கட்டணம், சேர்மானம் எல்லாம் உட்பட அவுட் தி டோர் எவ்வளவு, வரிவரியாக எழுதி அனுப்புங்கள் என்று. பாதிப் பேர் “நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்” என்பார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். எழுத்தில் தருபவர்களில் குறைவானதை எடுத்து அடுத்தவருக்குக் காட்டுங்கள். மாதக் கடைசியில், அடுத்த வருட மாடல் வந்து இறங்கும் சமயத்தில், இலக்கு முடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர்கள் இறங்கி வருவார்கள். ஆள் வரிசையில் நிற்கும் மாடல் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வண்டியை நிதானமாகப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போங்கள். டெக்சஸ் சட்டப்படி சனி, ஞாயிறு இரண்டில் ஒரு நாள்தான் கார் விற்க முடியும், பெரும்பாலோர் ஞாயிறு மூடிவிடுவார்கள். சேல்ஸ்மேன் தொல்லை இல்லாமல் வெளியே நிற்கும் வண்டிகளின் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வரலாம்.

“மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். 500 என்றால் 84 மாதமாக இழுத்து 500க்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், கார் விலை எங்கே போனது என்றே தெரியாது. கடனுக்கு முன்கூட்டியே ஒரு கிரெடிட் யூனியனில் (நம்ம ஊர் கூட்டுறவு வங்கி மாதிரி) ஒப்புதல் வாங்கி வையுங்கள். உங்களுக்கு இங்கே கடன் வரலாறு இல்லை, ஆனால் வேலைக் கடிதத்தையும் விசாவையும் வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டீலர் மூலமாகக் கடன் எடுத்தால், வங்கி கொடுக்கும் வட்டிக்கு மேல் அவர் ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றித் தன் பங்கை எடுத்துக்கொள்வது இங்கே சகஜம். 28,000 டாலரை 60 மாதத்தில் கட்டும்போது 6 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் வித்தியாசம் 1,500 டாலருக்கு மேல்.

விலை படிந்து கை குலுக்கியதும் உள்ளே ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போவார்கள், உண்மையான வியாபாரம் அங்கேதான். நான் வாங்கியபோது அந்த அறையில் இருந்த ஆள் நாலு பேக்கேஜ் போட்ட தாளை மேசையில் வைத்து, எது வேண்டும் என்று மட்டும் கேட்டார், எதுவும் வேண்டாம் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. நீட்டித்த வாரண்டி, டயர் காப்பீடு, சாவி காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் “மாதம் வெறும் 18 டாலர்தான்” என்ற ஒரே கணக்கு. வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருங்கள், கையெழுத்துப் போடும் முன் மின்னஞ்சலில் வந்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டீலரிடம் வாங்கிய புதுக் காருக்கு அப்படி ஒரு உரிமை இங்கே இல்லை.

உங்கள் தாளைப் பொறுத்தவரை அந்த 1,746ஐ முழுசாகக் கார் விலையில் கழிக்கச் சொல்லி இன்றைக்கே எழுதிப் போடுங்கள், மறுத்தால் அடுத்த டீலர். அப்புறம், இன்ஷூரன்ஸ் விலையை அதற்கு முன்னாடியே விசாரித்துவிடுங்கள், புது லைசென்ஸுக்குப் பிரீமியம் நிறைய வரும்.