ஃபிளமெங்கோவைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

கேள்வி: ஃபிளமெங்கோ பாடகர் தொண்டை கிழியக் கத்துவதுபோல் இருக்கிறது. ஸ்பானிய மொழி தெரியாமல் அந்த உணர்வைப் பிடிக்க முடியுமா?

முடியும். சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் எண்ணப் பழகுங்கள். ஃபிளமெங்கோ தெற்கு ஸ்பெயினின் பாட்டும் கிதாரும் ஆட்டமும் சேர்ந்த கலை; அதில் அழுகைகூடத் தாளத்துக்குள்தான் நடக்கும். அந்தத் தாளச் சுற்றுக்கு கொம்பாஸ் என்று பெயர்.

சொலேயா என்ற வகையில் தொடங்குவது நல்லது, நடை நிதானமானது. ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். முதல் பாதி மும்மூன்றாக நடக்கும், அடுத்த பாதி இரண்டிரண்டாக நெருக்கும். அந்த நெருக்கம்தான் நெஞ்சைப் பிசைகிறது. கிதார் 10-இல் வந்து அமரும்; 11, 12 மூச்சு வாங்கும் இடம். பாடகி பெர்னாண்டா தே உத்ரேரா (1923–2006) பாடிய சொலேயா ஒன்றைப் போட்டு, மேசையில் தட்டியபடியே எண்ணுங்கள்.

தொடக்கத்தில் வரும் நீண்ட "ஆய்..." கத்தல் இல்லை. கிதாரின் சுருதியில் பாடகர் குரலைப் பொருத்திக்கொள்ளும் இடம் அது. கரகரத்த, உடைந்த குரலை அங்கே குறையாக நினைப்பதில்லை, தேடிப் போய்க் கேட்கிறார்கள்.

கர்நாடக இசை கேட்டவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. அடிப்படைச் சுரங்கள் தோடி ராகத்தின் சுரங்களே. கிதார் ம, க, ரி, ச என்று நான்கு கார்டுகளாக (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளாக) இறங்கும். கடைசி கார்டில் மட்டும் சாதாரண காந்தாரம் போய் அந்தர காந்தாரம் வந்துவிடும். ஒரு கணம் வகுளாபரண ராகம் எட்டிப்பார்க்கும். சுத்த ரிஷபம் ஷட்ஜத்தில் சாயும் அந்த அரைச்சுர இறக்கத்தை மட்டும் கவனியுங்கள், பாதிச் சோகம் அங்கேதான். கமகம் தேடாதீர்கள், அது வேறு வழி.

கைதட்டலில்தான் புதியவர்கள் தவறுவார்கள். பாடகர் பாடும்போது உள்ளங்கைகளைக் குழித்து மெத்தென்று தட்ட வேண்டும். ஒரு கை விரல்களால் மறு உள்ளங்கையில் சுளீரென்று அடிப்பது ஆட்டத்துக்கும் வேகமான கிதாருக்கும் உரியது. அதைப் பாட்டின் மேல் போட்டால் குரல் அமுங்கிவிடும். "ஓலே" என்று பாராட்டுச் சொல்வதற்கும் இடம் உண்டு: வரி முடிந்து 10-இல் விழும்போது. சொல்லின் நடுவே கத்தினால் பாடகரின் மூச்சு கலையும்.

இந்த வலிக்கு வரலாறு உண்டு. 1749 ஜூலையில் ஸ்பெயின் அரசு நாடு முழுவதும், ஃபிளமெங்கோவில் பெரும்பங்குள்ள ஹிதானோ (ஸ்பெயினின் ரோமா) மக்களைக் குடும்பம் பிரித்துப் பிடித்து, ஆண்களைக் கடற்படைத் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பியது. தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் அவர்களில் பலருக்குக் கொல்லுப்பட்டறைதான் பிழைப்பு. சம்மட்டியின் பெயரையே தாங்கிய மார்த்தினேத்தே என்ற பாட்டு வகையில் கிதாரே கிடையாது. வெறும் குரல், சில சமயம் பட்டடை மேல் விழும் அடி. சிறையும் பிரிவும் அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும்.

சோகம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். காதிஸ் நகரத்து அலெக்ரியாஸ் என்ற வகைக்கும் இதே 12 எண்ணிக்கைதான், ஆனால் சங்கராபரணச் சுரங்கள், துள்ளல். சொலேயாவை ஒரு வாரம் எண்ணிப் பழகிவிட்டு அதைப் போடுங்கள், 10-இல் உங்கள் கை தானாக நிற்கும்.