சாம்பிளில் சிக்கிய ஆல்பம்

கேள்வி: அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான டி லா சோலின் முதல் ஆல்பம் ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ 1989-இல் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் 2023-இல்தான் கிடைத்தது. ஏன் இவ்வளவு தாமதம்?

பதில்: சாம்பிள் உரிமைதான் காரணம். பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்த்தால் (அதுதான் சாம்பிள்) ஒலிப்பதிவுக்கு ஓர் அனுமதி, மெட்டுக்கும் வரிகளுக்கும் இன்னோர் அனுமதி வேண்டும். அன்றைய ஒப்பந்தங்கள் இசைத்தட்டு, கேசட் என்றே எழுதப்பட்டவை. டிஜிட்டலுக்கு எல்லாவற்றையும் புதிதாகப் பேச வேண்டியிருந்தது. டர்டில்ஸ் குழுவின் பாட்டுத் துண்டை அனுமதியின்றி வேகம் குறைத்துச் சுழலவிட்ட குட்டித் துணுக்கு ஒன்று வழக்கில் போய் நின்று, சமரசத்தில் முடிந்தது. 2021-இல் ஆல்பத்தை வெளியிட்ட டாமி பாய் நிறுவனம் கைமாறிய பிறகே வழி பிறந்தது.

கேள்வி: வெவ்வேறு பாட்டுத் துண்டுகள் ஒரே பாட்டில் எப்படிச் சுருதி சேர்கின்றன?

பதில்: வேகத்தை மாற்றித்தான். அக்காலச் சாம்ப்ளரில் (துண்டுகளைப் பதிந்து ஒலிக்கவைக்கும் கருவி) வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 33 சுற்றில் ஓட்டினால் சுருதி ஐந்து அரைச்சுரத்தைவிடச் சற்று அதிகமாகவே இறங்கிவிடும். சுருதி சேர்ந்தும் தாளம் பிசகினால், துண்டைத் தாளத்துக்கேற்ப வெட்ட வேண்டும். இந்த ஆல்பத்தின் ‘ஐ நோ’ பாட்டைக் கேளுங்கள்: ஸ்டீலி டான் குழுவின் பாட்டும் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் விசிலும் ஒரே அறையில் பதிவானதுபோல இழைகின்றன. தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலின் காது அபாரம்!