கண்ணுக்குள் மின்னல் வெட்டினால்: விழித்திரை பற்றி வாசகர் கேள்விகள்

வயது 58. நான்கு நாட்களாக வலது கண்ணில் கறுப்பாகப் பூச்சி பறக்கிறது. இருட்டில் கண்ணை அசைத்தால் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. வலி இல்லை, பேப்பர் நன்றாகவே படிக்க முடிகிறது. மாதக் கடைசியில் கண்ணாடி மாற்றப் போகும்போது காட்டினால் போதுமா?
- வாசகி, கரூர்

போதாது. இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய படலமான விழித்திரைக்கு (ரெட்டினா) வலியை உணரும் நரம்பு கிடையாது. அது கிழிந்தாலும் வலிக்காது, நடுப்பகுதி ஒட்டியிருக்கும்வரை எழுத்தும் தெளிவாகவே தெரியும். இந்த இரண்டையும் நம்பிக் காத்திருந்துதான் பலர் பார்வையை இழக்கிறார்கள்.

கண்ணின் உள்ளே சுமார் 4 மில்லி அளவுக்கு நுங்கு போன்ற ஜெல்லி இருக்கிறது. வயதாக ஆக அது நீர்த்து, விழித்திரையை விட்டுப் பிரியும். பிரியும்போது விழித்திரையைச் சுண்டி இழுப்பதுதான் நீங்கள் பார்க்கும் மின்னல். பெரும்பாலானவர்களுக்கு இது அதோடு முடிந்துவிடும். சிலருக்கு, ஜெல்லி இறுக ஒட்டியிருந்த இடத்தில் விழித்திரை கிழியும். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்தால் விழித்திரை கழன்று வந்துவிடும். பின்னாலிருக்கும் ரத்தநாளப் படலத்திலிருந்து ஆக்சிஜன் கிடைக்காமல் பார்வை செல்கள் சாகத் தொடங்கும்.

கிழிசலாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், சொட்டுமருந்தில் மரத்துப்போக வைத்து, அதைச் சுற்றி லேசர் போட்டு வேலி கட்டிவிடலாம். அன்றே வீடு திரும்பலாம். அந்தத் தழும்பு உறுதிப்பட 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை பாரம் தூக்க வேண்டாம். கழன்ற பிறகு போனால் ஆபரேஷன்தான்.

கண்ணாடிக் கடையின் கம்ப்யூட்டர் டெஸ்டில் இது தெரியாது. பாப்பாவை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு, மருத்துவர் தலையில் விளக்கு மாட்டி, விழியை ஓரத்தில் அழுத்தி விளிம்புவரை பார்க்க வேண்டும். ‘மருந்து விட்டு ரெட்டினா பார்க்கணும்’ என்று நீங்களே கேளுங்கள். பிறகு 4 முதல் 6 மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். கிழிசல் இல்லை என்றாலும் 4 முதல் 6 வாரத்தில் மறுபடி காட்டுங்கள்.

வீட்டில் தினமும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நேராகப் பார்த்தபடி நான்கு ஓரங்களையும் கவனியுங்கள். கீழிருந்து நிழல் ஏறினால் விழித்திரையின் மேல்பகுதி கழன்றிருக்கிறது என்று பொருள். இது வேகமாக நடுப்பகுதிக்கு இறங்கும் வகை. அன்றைக்கே அறுவை வசதியுள்ள கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுப்பகுதி கழல்வதற்குள் ஒட்டினால் கிடைக்கும் பார்வை, கழன்ற பின் ஒட்டினால் கிடைப்பதில்லை.

மகனுக்கு மைனஸ் 9 இருந்தது. லாசிக் செய்து கண்ணாடியே இல்லை. இனி ரெட்டினா பயம் வேண்டாம்தானே?
- வாசகர், சிவகாசி

லாசிக் கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. மைனஸ் பவருக்குக் காரணமான நீண்ட கண்ணும், இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கின்றன. வருடம் ஒருமுறை மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய பவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கணவருக்குக் கோவையில் ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் கேஸ் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடு குன்னூர். எப்போது கூட்டிப் போகலாம்?
- வாசகி

கழன்ற விழித்திரை ஒட்டும்வரை அழுத்திப் பிடிக்க வைத்த அந்த கேஸ் முழுவதும் கரைந்த பிறகுதான். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் விரியும். கண் அழுத்தம் எகிறி, விழித்திரைக்குப் போகும் ரத்தமே நின்றுவிடலாம். ஒட்டிய விழித்திரை இருந்தும் பார்வை போய்விடும். விமானத்துக்கும் இதே தடை. எஸ்எஃப்6 கேஸ் என்றால் சுமார் 2 வாரம், சி3எஃப்8 என்றால் 2 மாதம்வரை ஆகும். எது வைத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். அதுவரை கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்குவதுதான் பாதுகாப்பு.

இப்போது அவருக்கு கை அசைவு மட்டும் தெரிவது இயல்பே. கேஸ் கரையும்போது ஒரு கோடு நாளுக்கு நாள் கீழிறங்கும், கோட்டுக்கு மேலே தெளிவு வரும். கடைசியில் சிறு குமிழியாக ஆடி மறையும். மறைந்துவிட்டது என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் உறுதிப்படுத்துங்கள்.

குப்புறவா, ஒருக்களித்தா என்று சொன்ன நிலையை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். குமிழி கிழிசலை அழுத்தி நிற்பது அதனால்தான். மல்லாந்து படுத்தால் கேஸ் லென்ஸில் முட்டிப் புரை வரும். வேறு ஏதாவது ஆபரேஷனுக்கோ பல் சிகிச்சைக்கோ மயக்கம் கொடுப்பதாக இருந்தால் முதலில் கேஸ் விஷயத்தைச் சொல்லுங்கள். மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு குமிழியை ஊதிப் பெரிதாக்கும். கடும் கண்வலி, வாந்தி என்றால் இரவென்றும் பாராமல் ஓடுங்கள்.

கேஸுக்குப் பதில் சிலிக்கான் ஆயில் வைத்தவர்களுக்கு மலைத்தடை இல்லை. ஆனால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு.

சர்க்கரை வந்து 12 வருடம். பார்வை 6/6. ரெட்டினா டெஸ்ட் அவசியமா?
- வாசகர், தஞ்சாவூர்

அவசியம். சர்க்கரையில் கிழிசலே இல்லாமல் விழித்திரை கழலும். புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்களோடு வளரும் சவ்வு சுருங்கி, அதை இழுத்துப் பெயர்க்கும். அந்தக் கட்டம்வரைகூட 6/6 இருக்கலாம். டைப் 2 என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடம் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். இந்த வாரமே தொடங்குங்கள்.