சி.வி.யில் இரண்டு வருட இடைவெளி இருக்கிறது. டர்பனில் வேலை தேடும்போது அதை எப்படிக் காட்டுவது?

2020 ஆகஸ்டில் ஆட்குறைப்பில் கிடங்கு வேலை போனது, அப்புறம் அம்மாவின் டயாலிசிஸுக்காக வீட்டோடு இருந்துவிட்டேன், பழைய வேலை முடிந்த தேதியைக் கொஞ்சம் நீட்டிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டவே வேண்டாம். டர்பன் பக்கத்துப் பைன்டவுனில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இடைவெளி இருக்கிறது என்று எந்த சி.வி.யையும் தூக்கிப் போட மாட்டோம். தேதி இடித்தால் ஓரம் வைத்துவிடுவோம்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வேலையை விட்டுப் போகிறவருக்குப் பழைய முதலாளி சர்வீஸ் சர்டிபிகேட் தர வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை, கடைசிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். விலகிய காரணம் மட்டும் நீங்கள் கேட்டால்தான் வரும். கட்டாயம் கேளுங்கள். 'ரிட்ரெஞ்ச்மென்ட்' (ஆட்குறைப்பு) என்று அதில் இருந்துவிட்டால் இன்டர்வியூவில் பாதிக் கேள்வி அடங்கிவிடும். யூ.ஐ.எஃப். (வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி) பணத்துக்காக முதலாளி நிரப்பிய யூ.ஐ.-19 படிவத்திலும் அதே கடைசித் தேதிதான் இருக்கும். அப்புறம் எங்கே நீட்டுவது?

வேலை வரலாற்றின் நடுவிலேயே ஒரு வரி வையுங்கள்: 'செப்டம்பர் 2020 – அக்டோபர் 2022: தாயாரைப் பராமரித்தல். இப்போது முழுநேர வேலைக்குத் தயார்.' நோயின் பெயர் வேண்டாம், அது அம்மாவின் சொந்த விஷயம். 'தயார்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "சேர்ந்துட்டு நடுவுல நின்னுடுவாங்களா?" என்பதுதான் எங்கள் மேனேஜர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி.

மற்றபடி கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊரடங்கு, 2021 ஜூலை கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம் என்று இந்த ஊர் பட்ட பாட்டில், அதே வருடங்களில் ஓட்டை விழுந்த சி.வி.கள் நிறைய வருகின்றன.

சாட்ஸ்வொர்த் கோயில் அன்னதானத்துக்குச் சாமான் கணக்குப் பார்த்ததைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதை ஏன் சி.வி.யில் போடவில்லை? எத்தனை மூட்டை அரிசி வந்தது, எத்தனை போனது, மிச்சம் எவ்வளவு என்று எழுதிவைப்பது கிடங்கு வேலையேதான். கமிட்டியில் ஒருவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போன் நம்பரையும் ரெஃபரன்ஸாகச் சேருங்கள். ஆனால் எங்களிடமிருந்து போன் வரும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். ஒருமுறை நான் கூப்பிட்டபோது, "யாரு? எந்தப் பொண்ணு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார் ஒரு பெரியவர்.