கிளிமஞ்சாரோ பேக்கேஜ் 950 டாலர்னா, அதுல யார் வயித்துல அடிக்கிறாங்க?

கேள்வி: எனக்கு 46, வீட்டுக்காரருக்கு 49. ரெண்டு பேரும் வர்ற ஜனவரில கிளிமஞ்சாரோ ஏறணும்னு ரெண்டு வருஷமா காசு சேத்துட்டு வர்றோம். ஒரு ஏஜென்சி மச்சாமே ரூட்ல 6 நாள், ஆளுக்கு 950 டாலர், சம்மிட் கேரண்டி, அதாவது உச்சிக்குக் கண்டிப்பா கூட்டிட்டுப் போவோம்னு சொல்றாங்க. இன்னொருத்தர் லெமோஷோ ரூட் 8 நாளுக்கு 2,300 டாலர் கேக்கறார். மலை ஒண்ணுதானே, ஏன் இவ்ளோ வித்தியாசம்? 950 சொன்னவங்க பாதி அட்வான்ஸை இந்த வாரமே ஒருத்தரோட சொந்த அக்கவுண்ட்டுக்குப் போடச் சொல்றாங்க. போடலாமா? (கோவை வாசகி)

பதில்: போடாதீங்க மேடம். ஏன்னு கணக்கா சொல்றேன், நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

தன்சானியா தேசியப் பூங்கா நிர்வாகம் வெளிநாட்டுக்காரங்ககிட்ட வாங்குறது ஒரு நாளைக்கு 70 டாலர், கூடாரத்துல தங்குற ஒவ்வொரு ராத்திரிக்கும் 50, மீட்புக் கட்டணம் 20, இது எல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் வரி. 6 நாள், 5 ராத்திரின்னா 420, 250, 20, ஆக 690. வரியோட 814 டாலர் ஆச்சு. (கட்டணம் மாறும், புக் பண்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துக்கோங்க.) இதை எந்தக் கம்பெனியும் கொறைக்க முடியாது, கட்டிட்டுத்தான் பூங்கா கேட்டுக்குள்ள போகணும். அப்போ 950ல மிச்சம் ஆளுக்கு 136, உங்க ரெண்டு பேருக்கும் சேத்து 272 டாலர்.

இந்த 272ல யார் யாருக்குக் குடுக்கணும்னு பாருங்க. ரெண்டு பேர் ஏறினா ஒரு கைடு, ஒரு உதவி கைடு, சமையல்காரர், மூட்டை தூக்குற ஆறேழு போர்ட்டர்னு கிட்டத்தட்ட பத்து பேர் கூட வருவாங்க, 6 நாள். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு சுமார் நாலரை டாலர்தான் வருது, அதுவும் சாப்பாடு, கேஸ், கூடாரம், மலையடிவாரத்து ஊரான மோஷில இருந்து கேட்டுக்கு வண்டி, ஏஜென்சியோட லாபம் இதெல்லாம் கழிக்கிறதுக்கு முன்னாடியே. ஒண்ணு போர்ட்டர் கூலில கை வைப்பாங்க, இல்ல உங்க பாதுகாப்புல கை வைப்பாங்க, பெரும்பாலும் ரெண்டுலயும். 2,300 சொன்னவர் கணக்கையும் போட்டேன். 8 நாளுக்குப் பூங்காவுக்கே 1,097 போயிடுது, மிச்சம் ஆளுக்கு 1,200 இருக்கு. அதுல ஒரு டீமை ஒழுங்கா நடத்தலாம்.

நான் போனப்போ மச்சாமே கேட்ல தராசு வெச்சு மூட்டை எடை பாத்துட்டு இருந்தாங்க, போர்ட்டருக்கு 20 கிலோதான் வரம்பு. வரிசைல நின்ன ஒரு பையன், இருவது வயசு இருக்கும், அவன் ஷூவோட அடிப்பாகம் பிளந்து கயித்தால கட்டியிருந்தான், அதோடயே எங்க டீமுக்கு முன்னால கேம்ப் போய்ச் சேந்து கூடாரம் போட்டுட்டு நின்னான். அவன் எங்க கம்பெனி ஆள்தான். நானும் மலிவுன்னு பாத்துத்தான் புக் பண்ணியிருந்தேன், இன்னிக்கும் அதை நெனச்சா மனசு உறுத்துது. கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு இருக்கு, கூலி, சாப்பாடு, எடையெல்லாம் கண்காணிச்சு, ஒழுங்கா நடந்துக்கிற கம்பெனிகளோட பட்டியல் வெளியிடுறாங்க. உங்க ஏஜென்சி அங்க எந்தக் கம்பெனிகிட்ட உங்களை ஒப்படைக்கப் போறாங்கன்னு பேரைக் கேளுங்க, பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. பேர் சொல்லத் தயங்கினா அந்தப் பேச்சை அதோட விட்டுடுங்க.

அடுத்தது நாள் கணக்கு. உச்சி 5,895 மீட்டர், அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல பாதிதான், ஒடம்பு பழகுறதுக்கு நாள் வேணும், அதைக் காசு குடுத்துதான் வாங்கணும். மச்சாமேல ஒரு நாள் லாவா டவர் வரைக்கும், 4,600 மீட்டருக்கு ஏத்திட்டு, அன்னிக்கே சுமார் 3,900ல இருக்கிற பராங்கோ கேம்ப்புக்கு எறக்கித் தூங்க வைப்பாங்க, மேல போய்ட்டு கீழ வந்து தூங்குனா ஒடம்பு பழகும்கிறதுதான் விஷயம். 7 நாள் திட்டத்துல அடுத்த ராத்திரி கரங்கா கேம்ப்புல தங்குவீங்க. 6 நாள்ல அந்த ராத்திரியை வெட்டிட்டு, பராங்கோல இருந்து பராஃபு கேம்ப் வரைக்கும் ஒரே நாள்ல சுமார் எட்டு மணி நேரம் நடத்திக் கூட்டிட்டுப் போய், சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரம் படுக்க வெச்சு, நடுராத்திரி எழுப்பி உச்சிக்குக் கெளப்புவாங்க, நீங்க காசை மிச்சம் பண்ணது சரியா அந்த ஒரு ராத்திரியிலதான், அதுதான் உங்களுக்கு ரொம்பத் தேவைப்படுற ராத்திரி. அதனால மச்சாமேன்னா 7 நாளுக்குக் கொறையாம, முடிஞ்சா லெமோஷோ 8 நாள்.

சம்மிட் கேரண்டின்னு யாரும் குடுக்க முடியாது, உயரத்துல ஆக்சிஜன் கொறையறதால வர்ற மலை வியாதி இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராதுன்னு முன்கூட்டியே சொல்ல வழியில்ல, ஃபிட்டா இருக்கிறவங்களுக்கும் வரும். மூளையிலயோ நுரையீரல்லயோ நீர் கோத்துடுச்சுன்னா உடனே கீழ எறக்கணும். "போதும், எறங்குங்க"ன்னு தைரியமா சொல்ற கைடுதான் உங்களுக்கு வேணும், கேரண்டி குடுத்த கம்பெனியோட கைடு அதைச் சொல்லத் தயங்குவார். அதனால ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருமா, தினமும் காலையும் சாயங்காலமும் விரல்ல மாட்டி ஆக்சிஜன் அளவு பாப்பாங்களா, ஒருத்தர் எறங்க வேண்டி வந்தா இன்னொருத்தர் கூட மேல போக ரெண்டாவது கைடு உண்டான்னு கேட்டு, பதிலை மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க.

பணம் கட்டுறதுன்னா கம்பெனி பேர்ல இருக்கிற அக்கவுண்ட்டுக்கு மட்டும், ஜிஎஸ்டி நம்பரோட பில் வாங்கிட்டு. இங்க இருக்கிற ஏஜென்சின்னா 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், அவங்க ஆபீஸ் டெல்லில இருந்தாலும் கோவைல போடலாம். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் சொல்லிப் பாக்கலாம். நேரா தன்சானியா கம்பெனிக்குக் கட்டுனா இது எதுவும் சுலபத்துல நடக்காது, அப்போ கிரெடிட் கார்டுல கட்டுங்க, தகராறு வந்தா பேங்க் மூலமா திரும்பக் கேக்க ஒரு வழியாவது இருக்கும். டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ்னு (விக்கிறவங்களே முன்கூட்டி வசூலிக்கிற வரி) ஒரு தொகை பிடிப்பாங்க, அதை வருமான வரில கழிச்சுக்கலாம், பயப்பட வேண்டாம்.

கேள்வி: சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் போதுமா? வேற என்ன செலவு தனியா வரும்?

பதில்: பாலிசில மலையேத்தம்னு வர்ற பக்கத்தை முழுசா படிங்க. நெறைய பாலிசில ஒரு உயரத்துக்கு மேல கவர் கெடையாது. 6,000 மீட்டர் வரைக்கும் கவர் உண்டுன்னு எழுத்துல இருக்கணும், ஹெலிகாப்டர் மீட்பும் சேந்து இருக்கணும். டிப்ஸுக்கு ஆளுக்கு ஒரு 250 டாலர் தனியா எடுத்து வையுங்க, சில்லறை நோட்டா. விசா தனி. ஃபிளைட் எத்தியோப்பியா, கென்யா வழின்னா திரும்பி வர்றப்போ மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி சான்றிதழ் கேக்கலாம், இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா உக்கார வெச்சிடுவாங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அனுமதி உள்ள எடத்துல கெளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியே போட்டுடுங்க. குளிர் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக்லாம் மோஷில வாடகைக்குக் கெடைக்கும், வாங்கிக் காசைப் போடாதீங்க. ஷூ மட்டும் இங்கயே வாங்கி இன்னிக்கே போட்டு நடக்க ஆரம்பிங்க, ஜனவரிக்குள்ள அது உங்க காலுக்குப் பழகிடணும்.