ஓடுகிற பொருளை எப்போது மாற்றலாம்? 60,000 ரூபாய் சீட்டுப் பணமும் ஒரு பட்டியலும்

கேள்வி: திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், பத்தாவது படிக்கும் மகள், மாமியார். கணவர் சம்பளம் 46,000 ரூபாய். சீட்டு எடுத்ததில் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. வங்கியில் 75,000 ரூபாய்க்கு நகைக் கடனும் இருக்கிறது, வட்டி 10 சதவீதம். ஒரு கண்காட்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி மாற்றிவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பட்டியல் போட்டேன்: 5 ஸ்டார் பிரிட்ஜ் 19,000 (பழையதுக்கு 14 வயது, ஓடுகிறது), மூன்று பி.எல்.டி.சி. மின்விசிறி (கரண்டைக் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது) 9,000, எவர்சில்வர் டப்பா செட் 6,000, மண்பாத்திரம், மூங்கில் பிரஷ், துணி நாப்கின் எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 38,000. "ஓடுகிற பொருளை யாராவது மாற்றுவார்களா" என்கிறார் கணவர். கோடையில் இரண்டு மாத பில்லுக்குக் கரண்ட் 560 யூனிட் வரை போகும், மற்ற மாதங்களில் 420 போல. ஹால் மின்விசிறி நாள் முழுக்க ஓடும், படுக்கையறையில் இரவு மட்டும், மகள் அறையில் மாலை இரண்டு மணி நேரம். ஹாலில் பழைய டியூப்லைட். இப்போதே எல்லாவற்றையும் வாங்கலாமா?

பதில்: உங்கள் பட்டியலில் இருக்கும் எதுவும் வீண் செலவு இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு. சிலதை இந்த வாரமே மாற்றலாம், சிலது பழையது சாகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பொருட்களை வாங்கவே தேவையில்லை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க உங்களிடம் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: அந்த நகைக் கடன். அதில் 100 ரூபாய் கட்டினால் வருடத்துக்கு 10 ரூபாய் மிச்சம், அது நிச்சயம். ஒரு பொருளில் போடும் 100 ரூபாய் வருடத்துக்கு 10 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துத் தருமென்றால் அதை இப்போதே வாங்கலாம். தராவிட்டால் பணம் முதலில் கடனுக்குப் போகட்டும்.

மின்விசிறியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் இருப்பது அங்கேதான். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. 30 வாட் போல. வித்தியாசம் 45 வாட். ஹாலில் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் குறையும். படுக்கையறையில் 10 மணி நேரம் என்றால் 27 யூனிட். ஹாலில் இருக்கும் பழைய டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் எடுக்கும், எல்.இ.டி. டியூப் 20 வாட். தினம் 6 மணி நேரம் எரிந்தால் அதில் இன்னொரு 11 யூனிட். மூன்றும் சேர்ந்து 81 யூனிட்.

81 யூனிட் சின்ன எண்ணாகத் தெரியலாம். நம் ஊர் கட்டண முறையில் அது சின்னது இல்லை. 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி போட்டுப் பார்ப்போம். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 கட்ட வேண்டும். 500-க்கு மேல் போகும் யூனிட்டுக்கு 8.40. உங்கள் 560 யூனிட்டுக்கு 2,544 ரூபாய் வரும். அதையே 479 யூனிட்டுக்குக் கொண்டுவந்தால் 1,673. ஒரே பில்லில் 870 ரூபாய் குறைகிறது! (இதைப் படிக்கும் நேரத்தில் கட்டணம் மாறியிருந்தால் உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வழி அதேதான்.)

கோடையை ஒட்டிய மூன்று பில்லில் 870 வீதம், மார்கழி குளிரில் மின்விசிறி குறைவாக ஓடும் மற்ற மூன்று பில்லில் 265 வீதம் என்று குறைத்தே வைத்தாலும் வருடத்துக்கு 3,400 ரூபாய் வருகிறது. இரண்டு மின்விசிறி, ஒரு எல்.இ.டி. டியூப், எல்லாம் சேர்த்து 6,300 ரூபாய். நூற்றுக்கு 54 ரூபாய் மிச்சம். இவ்வளவு தரும் ஃபிக்சட் டெபாசிட் எந்த வங்கியிலும் கிடையாது. உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஓடுகிற பொருளை மாற்றக்கூடாது என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் நாள் முழுக்க கரண்டைக் குடித்துக்கொண்டு ஓடும் பொருளுக்கு அது பொருந்தாது.

இப்போது மகள் அறை மின்விசிறியைப் பாருங்கள். அதே மின்விசிறி, அதே 3,000 ரூபாய், ஆனால் ஓடுவது இரண்டு மணி நேரம். வருடத்துக்கு 33 யூனிட்தான் குறையும், 190 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு 6 ரூபாய். நகைக் கடன் வட்டியைவிடக் குறைவு. அதனால் இதை இப்போது வாங்காதீர்கள்.

அப்புறம் எப்போது? பழையது காயில் எரிந்து நிற்கும் அன்று. அன்றைக்கு எப்படியும் ஒரு மின்விசிறி வாங்கியே ஆக வேண்டும். சாதாரண மின்விசிறி 1,700 என்றால், பி.எல்.டி.சி.க்கு நீங்கள் கூடுதலாகத் தருவது 1,300 மட்டும். அந்த 1,300-க்கு வருடம் 190 ரூபாய் மிச்சம் என்றால் நூற்றுக்கு 14-க்கு மேல். இப்போது கட்டுப்படியாகாத அதே பொருள் அன்றைக்குக் கட்டுப்படியாகிறது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் பட்டியலில் மீதி எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம். இந்த மின்விசிறிகளில் முதலில் போவது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுதான், மோட்டார் இல்லை. அதனால் போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி, சர்வீஸ் திருச்சியிலேயே கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டார் லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியன் எடுத்துவிட வேண்டும், அதன் வழியாக இதை ஓட்டக்கூடாது. வாடகை வீடாயிற்றே என்று தயங்க வேண்டாம். கழற்றும் பழைய மின்விசிறிகள் வீட்டுக்காரருடையவை என்றால் பரணில் வையுங்கள். வீடு மாறும்போது அவற்றை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

இனி பிரிட்ஜ். 38,000-ல் பாதி அதற்குத்தான் போகிறது, அதனால் அவசரப்படக்கூடாது. முதலில் அது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எல்லோரும் ஒருநாள் வெளியூர் போகும்போது பிரிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போகும்போதும் வந்ததும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். புது பிரிட்ஜின் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், இரண்டையும் ஒப்பிடலாம். உதாரணத்துக்கு வருடம் 250 யூனிட் வித்தியாசம் வருகிறது என்று வையுங்கள். பில் 500-க்குள் வந்துவிட்ட பிறகு அதன் மதிப்பு 1,400 ரூபாய் போலத்தான். 19,000-க்கு 1,400 என்றால் நூற்றுக்கு 7. கடன் வட்டியைத் தொடவில்லை. ஆகவே பழையது ஓடட்டும். ரிப்பேர் என்று வந்து, மெக்கானிக் கேட்கும் தொகை புது விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அன்று ரிப்பேர் செய்ய வேண்டாம், புதியதை வாங்குங்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் வரம்பு இது. அன்று 5 ஸ்டாரே வாங்குங்கள். அதற்கும் குறைந்த ஸ்டாருக்கும் உள்ள விலை வித்தியாசம் மட்டுமே அன்றைக்குக் கணக்கு. பழையதை எடைக்குப் போட்டுவிடாமல் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். குழாயை உடைத்து கேஸைக் காற்றில் விட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த நல்லது எல்லாம் அதோடு போய்விடும்.

எவர்சில்வர் டப்பா செட் 6,000. இதை மனசு வைத்துப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். முதல் காரணம், உங்கள் வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைச் செய்ததால் வந்த கேடு ஏற்கெனவே நடந்து முடிந்தது. அதைத் தூக்கிப் போட்டால் அந்தக் கேடு இல்லாமல் ஆகிவிடாது, குப்பை மட்டும் கூடும். அரியமங்கலம் குப்பைமேட்டைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, உங்கள் பரணில் ஏறிப் பாருங்கள். பெயர் வெட்டிய கல்யாணச் சீர் பாத்திரம் இல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. தூக்குவாளி, சம்படம், அடுக்கு எல்லாம் அங்கே இருக்கும். சூடான சாம்பார், எண்ணெய்ப் பலகாரம் இவற்றை மட்டும் இன்றைக்கே பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்து அவற்றில் போடுங்கள். இது உடம்புக்காக, கணக்குக்காக இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் பருப்பு, ரவை, மிளகாய் வற்றல் இருக்கட்டும். உடையும் வரை உழைக்கட்டும்.

மண்பாத்திரமும் அப்படித்தான். இருக்கும் பாத்திரம் நன்றாக இருக்கும்போது வேண்டாம். நான்ஸ்டிக் தவா உரிந்து வந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், அதுவும் இரும்பு தோசைக்கல்லாக. உங்கள் மாமியாரிடம் பழகிய கல் ஒன்று இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அவர் காலத்தில் தேங்காய் நார், சீயக்காய், பழைய வேட்டியைக் கிழித்த துணி என்று நடந்த சமையலறைக்கு இன்று கண்காட்சியில் விலை போட்டு விற்கிறார்கள்.

தீர்ந்துபோகும் பொருட்களுக்கு விதி சுலபம்: இருப்பது தீரட்டும், அடுத்தது வேறாக வாங்குங்கள். டூத் பிரஷ் தேய்ந்ததும் மூங்கில் பிரஷ், ஸ்க்ரப்பர் பிய்ந்ததும் நார். இயற்கையானது, பசுமையானது என்று அட்டையில் எழுதியிருப்பதற்காகக் கூடுதல் விலை தராதீர்கள். எதனால் பசுமை என்று விளக்கம் இருக்கிறதா பாருங்கள். ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதலே கொண்டுவந்திருக்கிறது.

நாப்கினை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டியலில் போடும் பணத்துக்கு அதிகம் மிச்சம் தரக்கூடியது அதுதான், நீங்களோ கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஒருவருக்கு 80 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 960. மாதவிடாய்க் கப் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது, சரியாகக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தினால் பல வருடம் வரும். கேரளத்தில் கும்பளங்கி ஊராட்சி 2022-ல் இதை ஊர் முழுக்கக் கொண்டுசென்றது. பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதனால் முதலில் நீங்கள் ஒன்று வாங்கிப் பாருங்கள். மகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவள் விரும்பினால் துணி நாப்கின் இரண்டு வாங்கித் தாருங்கள். வெயிலில் காயப்போட அவளுக்குக் கூச்சமில்லாத ஓர் இடம் வீட்டில் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் வாங்கியது அலமாரியிலேயே கிடக்கும்.

ஆக, 60,000-ல் மின்விசிறிக்கும் விளக்குக்கும் 6,300, கப், துணி நாப்கினுக்கு 1,000. நகைக் கடனுக்கு 40,000 கட்டிவிடுங்கள், வருடம் 4,000 ரூபாய் வட்டி மிச்சமாகும். மீதி 12,700-ஐ சேமிப்புக் கணக்கில் தொடாமல் வையுங்கள், அது பிரிட்ஜுக்கு. கரண்ட் பில்லில் குறைவது மாதம் 280 ரூபாய், அதை 300 ஆக்கி வங்கியில் ஆர்.டி. போட்டால் இரண்டு வருடத்தில் பிரிட்ஜ் விலை சேர்ந்துவிடும். அதற்கு முன்பே பழையது நின்றுவிட்டால் குறையும் தொகைக்குக் கடையில் தவணை போடாதீர்கள். சம்பளத்திலிருந்து இரண்டு மாதத்தில் சமாளித்துவிடலாம்.

கோடை ரீடிங் தொடங்குவதற்கு முன் இரண்டு மின்விசிறியையும் எல்.இ.டி. டியூபையும் மாட்டிவிடுங்கள், தாமதமாகும் ஒவ்வொரு பில்லும் 870 ரூபாய். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினாலே 14 வயதுப் பிரிட்ஜ் கொஞ்சம் குறைவாக இழுக்கும்.