பழைய கார் ராலி: கேளுங்க, சொல்றோம்

அவினாசியிலிருந்து: ஏனுங்ணா, உலகத்தோட முதல் ராலி பீக்கிங்–பாரிஸா, மான்டி கார்லோவா?

பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்)–பாரிஸ் மூத்தது. 'லெ மதின்' என்ற பிரெஞ்சு நாளிதழ் விட்ட சவால் அது. 1907 ஜூன் 10 அன்று ஐந்து வண்டிகள் கிளம்பின. மூன்று சக்கர 'கான்டால்' வண்டி கோபி பாலைவனத்தைத் தாண்டவில்லை. போர்கேசே இளவரசரின் இட்டாலா கார் ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் யார் முதலில் வருகிறார் என்பதைத் தவிர அதில் பெரிதாக விதி எதுவும் கிடையாது. ராலி என்ற பெயரோடு, புள்ளிக் கணக்கோடு நடந்தது 1911 மான்டி கார்லோதான். பல ஊர்களிலிருந்து 23 வண்டிகள் புறப்பட்டன. வந்து நிற்கும்போது வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் போட்டார்கள். வம்பு வராமல் இருக்குமா? ஆன்ரி ரூஜியேவுக்குப் பரிசு கொடுத்ததும் பெரிய சச்சரவாகிவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து: அந்த மாதிரி பெரிய ராலி நம்ம நாட்டுப் பக்கம் வந்திருக்குதுங்களா?

1968 லண்டன்–சிட்னி பம்பாய் வரை தரைவழி வந்து, அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா போனது. புறப்பட்டவை 98, முடித்தவை 56. கடைசி நாளில் முன்னணியில் இருந்த பியாங்கியின் சிட்ரோயன், போட்டிக்குச் சம்பந்தமே இல்லாத மினி காரோடு மோதி நொறுங்கியது. ஜெயித்தது ஆண்ட்ரூ கோவனின் ஹில்மன் ஹன்டர், சாதாரணக் குடும்பக் கார். 1977-இல் மறுபடி நடந்தபோது மெட்ராஸ் வரை வந்து பினாங்குக்குக் கப்பல் ஏறினார்கள். அதிலும் கோவன்தான்.

ஈரோட்டிலிருந்து: கிளப்புல ரெகுலாரிட்டி வெக்கறாங்க. சராசரி 36-ன்னா எப்படிங்க கணக்குப் போடறது?

ரெகுலாரிட்டி என்றால் சொன்ன சராசரி வேகத்தில் நேரம் தவறாமல் ஓட்டும் போட்டி. 3600-ஐ வேகத்தால் வகுங்க. மணிக்கு 36 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 100 நொடி, 45 என்றால் 80, 48 என்றால் 75. அதற்கு முன் தூரம் காட்டும் மீட்டரைச் சரிபார்க்கணும். டயர் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டு, நடத்துபவர்கள் அளந்து கொடுத்த 10 கி.மீ. ஓட்டுங்க. உங்க மீட்டர் 10.3 காட்டினால், ரோடு புக்கில் (வழியும் தூரமும் எழுதிக் கொடுக்கும் புத்தகம்) உள்ள எல்லாத் தூரத்தையும் 1.03-ஆல் பெருக்கி எழுதிக்கொள்ளுங்க. டயர் அளவு மாற்றியிருந்தால் பழைய கணக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நேவிகேட்டர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் "நாலு நொடி பின்னாடி" என்று சொல்லிக்கொண்டே வரணும். கொண்டை ஊசி வளைவில் விட்டதை நேர்ரோட்டில் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்த்தால், மறைவான சோதனைச் சாவடியில் முந்தி மாட்டுவீங்க. பல போட்டிகளில் முந்தினால் அபராதம் அதிகம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: கோத்தகிரி ஏறறப்ப பியட் பாதியில நின்னு போகுதுங்க. அரை மணி ஆறவெச்சா ஓடுது.

நின்றவுடனே, ஆறுவதற்குள், ஸ்பார்க் பாருங்க. ஸ்பார்க் வரவில்லையென்றால், அதைத் தரும் காயில் அல்லது கண்டென்சர் சூட்டில் செத்துப்போகிறது. ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்காமல் நிற்கிறது. பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் ஏற்றத்தில் இது சகஜம். பம்புக்கு அடியிலுள்ள சூடு தடுக்கும் பேக்கலைட் துண்டு உடைந்திருக்கிறதா பாருங்க; யாராவது மெக்கானிக் கழற்றி வீசியிருப்பார். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டுங்க. டேங்க் பக்கம் எலக்ட்ரிக் பம்ப் போடுவதென்றால் குறைந்த அழுத்தப் பம்பாக வாங்குங்க. இன்ஜெக்ஷன் கார் பம்ப் போட்டால் கார்புரேட்டர் ஊசி தாங்காமல் பெட்ரோல் வழியும், தீப்பிடிக்கும். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிப்போகும். டயஃப்ரமும் ஹோஸும் எத்தனால் தாங்குவதாக மாற்றிவிடுங்க. பம்பில் ஈரத்துணி சுற்றுவது அன்றைக்கு ஊர் போய்ச் சேர மட்டும்.

கரூரிலிருந்து: 1964 பியட் 1100-ஐ மில்லே மிலியாவுக்குக் கொண்டு போலாமுங்களா?

முடியாதுங்க. மில்லே மிலியா இத்தாலியில் 1927 முதல் 1957 வரை பந்தயமாக நடந்தது; இப்போது பழைய கார் ராலி. அந்தப் பந்தயத்தில் ஓடிய மாடல், அதுவும் அந்தக் காலத்து வண்டிதான் எடுப்பார்கள். வேறு வெளிநாட்டு ராலிக்குப் போவதென்றால் கார்னே (சுங்கவரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டு போகும் ஆவணம்) வாங்கணும். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்கணும். ஒவ்வொரு எல்லையிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதில் முத்திரை குத்தச் சொல்லி நின்று வாங்குங்க. வெளியேறிய முத்திரை விட்டுப்போனால், வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு அந்த நாடு சுங்கவரி கேட்கும்.